மலைத்தடத்துக்கு ஒரு மின்சார சைக்கிள்: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

மின்சார மலைச் சைக்கிள் வாங்க விரும்புபவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கிறது: ஒரு முறை சார்ஜ் செய்தால் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? சமதளச் சாலையில் ஓட்டுபவருக்கு இந்தக் கேள்வி பொருந்தும். வேர்களும் பாறைகளும் செங்குத்தான ஏற்றங்களும் நிறைந்த ஒற்றையடிப் பாதையில் ஓட்டப்போகிறவருக்கு இதற்குக் கிடைக்கும் எந்த விடையும் பயன்படாது. அங்கே பேட்டரியைத் தின்பது உயரம். பத்துக் கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு தடம் 200 மீட்டர் ஏறினால் ஒரு கணக்கு. அதே நீளத்தில் 900 மீட்டர் ஏறினால் முற்றிலும் வேறொரு கணக்கு. ஆகவே இந்த வண்டியைத் தேர்ந்தெடுக்க நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது, தாம் வழக்கமாக ஓட்டப்போகும் பாதை ஒரு நாளில் மொத்தம் எத்தனை மீட்டர் ஏறுகிறது என்பதைக் கண்டறிவதே. கைப்பேசியில் கிடைக்கும் வரைபடச் செயலிகள் பலவும் அதைச் சொல்லிவிடும். பேட்டரியின் அளவு, மோட்டாரின் வலு, வண்டியின் எடை ஆகிய மூன்றையும் அந்த ஓர் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால்தான் பேச்சுக்குப் பொருள் இருக்கும்.

அதற்கு முன், இந்த வண்டி எப்படி இயங்குகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். மலைத்தடத்துக்கென்று செய்யப்படும் மின்சார சைக்கிளில் பொதுவாக முறுக்கினால் ஓடும் ஆக்ஸிலேட்டர் இருக்காது. ஓட்டுபவர் பெடலை மிதிக்கும்போது அவர் எவ்வளவு அழுத்துகிறார் என்பதை ஒரு சென்சார் அளந்து, அதற்கு ஏற்ற விகிதத்தில் மோட்டார் தன் பங்கைச் சேர்க்கிறது. மிதிப்பதை நிறுத்தினால் உதவியும் நின்றுவிடுகிறது. இந்த முறையைப் பெரிய அளவில் சந்தைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் யமஹா நிறுவனம், ஆண்டு 1993. நகரத்துச் சைக்கிளுக்காகப் பிறந்த அந்த எண்ணம் மலையேறச் சிறிது காலம் பிடித்தது என்றாலும், 2019இல் கனடாவின் மோன்ட் சென்ட் ஆன் மலையில் மின்சார மலைச் சைக்கிளுக்கான முதல் உலகச் சாம்பியன் போட்டியைச் சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பு நடத்தும் அளவுக்கு அது வளர்ந்துவிட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, சைக்கிள் என்றே கருதப்பட வேண்டுமானால் மோட்டாரின் தொடர் திறன் 250 வாட்டுக்கு மிகக்கூடாது; வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டியதும் மோட்டாரின் உதவி நின்றுவிட வேண்டும். அமெரிக்க மாநிலங்களில் பலவும் மூன்று வகுப்புகளாகப் பிரிக்கும் முறையைப் பின்பற்றுகின்றன. அதன் முதல் வகுப்பில் மிதித்தால் மட்டுமே உதவி கிடைக்கும். வரம்பு மணிக்கு 32 கிலோமீட்டர். இரண்டாம் வகுப்பில் ஆக்ஸிலேட்டர் இருக்கலாம். மூன்றாம் வகுப்பில் வரம்பு 45 கிலோமீட்டர். மின்சார சைக்கிளை அனுமதிக்கும் மண்தடங்களில் பெரும்பாலும் முதல் வகுப்புக்கே இடம் கிடைக்கிறது. வாங்கும் முன் தாம் ஓட்டப்போகும் தடத்தை நிர்வகிப்பவர்கள் எந்த வகையை உள்ளே விடுகிறார்கள் என்று கேட்டறிவது, வேறு எந்த ஆய்வையும் விட முந்தியது. அனுமதியில்லாத வண்டியை எத்தனை கவனமாகத் தேர்ந்தெடுத்தாலும் அது வீட்டில்தான் நிற்கும்.

ஏறும் மீட்டரிலிருந்து பேட்டரிக்கு

பேட்டரியின் கொள்ளளவு வாட் மணி என்னும் அலகில் சொல்லப்படுகிறது. மின்னழுத்தத்தை ஆம்பியர் மணியால் பெருக்கினால் அந்த எண் கிடைக்கும். 36 வோல்ட், 14 ஆம்பியர் மணி உள்ள பேட்டரியின் கொள்ளளவு 504 வாட் மணி. வோல்ட்டை மட்டுமோ ஆம்பியர் மணியை மட்டுமோ வைத்து இரண்டு வண்டிகளை ஒப்பிடுவது தவறான முடிவுக்கே கொண்டுசெல்லும்.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது பள்ளி இயற்பியல் அளவில் உள்ள எளிய கணக்குதான் என்றாலும், விளம்பரத் தாள்கள் சொல்லும் எந்தத் தூரத்தையும் விட இது உண்மைக்கு அருகில் நிற்கிறது. ஓட்டுபவரின் எடை 75 கிலோ, வண்டி 24 கிலோ, தலைக்கவசம், தண்ணீர், பை எல்லாம் சேர்ந்து 6 கிலோ என்று கொண்டால் மொத்தம் 105 கிலோ. இந்த எடையை 1000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஏறக்குறைய 286 வாட் மணி ஆற்றல் தேவை. மண்ணிலும் சரளையிலும் டயர் உருளும்போது ஏற்படும் தடைக்காக அதில் கால் பங்கைக் கூட்டிக்கொண்டால், தேவை சுமார் 360 வாட் மணி ஆகிறது. இதில் பாதியைக் கால்கள் கொடுத்து மறுபாதியை மோட்டார் கொடுத்தால், மோட்டாரின் பங்கு 180 வாட் மணி. பேட்டரியிலிருந்து எடுப்பது முழுவதும் சக்கரத்தைச் சென்றடைவதில்லை. ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மேல் வெப்பமாக வீணாகிறது என்று வைத்துக்கொண்டால், பேட்டரியிலிருந்து போவது 230 வாட் மணி. அப்படியானால் 500 வாட் மணி பேட்டரி, காகிதத்தில், 2000 மீட்டருக்குச் சற்று அதிகமாக ஏற்றிவிடும். அதே ஓட்டுநர் மோட்டாரை முழு வலுவில் வைத்து, ஐந்தில் நான்கு பங்கை அதனிடம் விட்டுவிட்டால் 1350 மீட்டரிலேயே பேட்டரி தீர்ந்துவிடும். 100 கிலோ எடையுள்ளவர் என்றால் இந்த இரண்டு எண்களுமே ஐந்தில் ஒரு பங்கு குறையும்.

இந்தக் கணக்கில் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. எந்த அளவு உதவியில் ஓட்டுகிறோம் என்பது, எந்த அளவு பேட்டரி வாங்குகிறோம் என்பதற்குச் சமமான விளைவைத் தருகிறது. கால்கள் 120 வாட் கொடுக்குமானால், மேலே சொன்ன பாதிக்குப் பாதி ஏற்பாட்டில் 1000 மீட்டரை ஒன்றரை மணி நேரத்தில் ஏறிவிடலாம். மோட்டார் இல்லாத எடை குறைந்த சைக்கிளில் அதே கால்களுக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். உடற்பயிற்சியும் வேண்டும், ஒரே நாளில் கூடுதலான இறக்கங்களும் வேண்டும் என்று நினைப்பவருக்கு 500 முதல் 630 வாட் மணி வரையுள்ள பேட்டரி பெரும்பாலும் போதும் என்பதே என் எண்ணம். நாள் முழுவதும் மலையில் இருப்பவர்கள், எடை அதிகமுள்ளவர்கள், குளிர்காலத்தில் ஓட்டுபவர்கள் ஆகியோர் 750 அல்லது 800 வாட் மணியை நோக்கிப் போகலாம். குளிரில் லித்தியம் அயனி பேட்டரி தன் முழுக் கொள்ளளவையும் தராது என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்; காகிதத்தில் வரும் எண்ணில் நான்கில் ஒரு பங்கைக் கைக்காவலாக ஒதுக்கி வைப்பது எந்தப் பருவத்திலும் நல்லது.

பெரிய பேட்டரிக்கு ஒரு விலை உண்டு. அதை எடையாகக் கொடுக்கிறோம். 500 வாட் மணி பேட்டரி சுமார் 3 கிலோ. 750 வாட் மணி பேட்டரி 4 கிலோவைத் தாண்டிவிடும். தடத்தில் அந்த ஒரு கிலோவைப் பாறை தாண்டும்போதும் வண்டியைத் தூக்கும்போதும் கைகள் உணரும். பேட்டரியைச் சட்டகத்திலிருந்து கழற்ற முடியுமா என்பதையும் கேளுங்கள். மின் இணைப்பு இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்துபவருக்குக் கழற்றக்கூடிய பேட்டரி ஏறக்குறைய கட்டாயம். நிலையாகப் பொருத்தப்பட்ட பேட்டரி சட்டகத்தை இலேசாகவும் உறுதியாகவும் செய்ய இடம் கொடுக்கிறது. விமானத்தில் வண்டியைக் கொண்டுசெல்லும் ஆசை இருந்தால், பயணிகள் தம்முடன் எடுத்துச்செல்லும் லித்தியம் பேட்டரிக்குரிய மேல்வரம்பு, விமான நிறுவனத்தின் ஒப்புதலோடும்கூட 160 வாட் மணிதான் என்பதை முன்பே அறிந்திருக்க வேண்டும். மலைச் சைக்கிளின் முதன்மை பேட்டரி எதுவும் அதற்குள் அடங்காது.

மோட்டார்: எண்களுக்குப் பின்னால்

மோட்டார் இருக்கும் இடம் இரண்டு வகைப்படும். சக்கரத்தின் நடுவில், ஹப்பில் இருப்பது ஒன்று. பெடல்கள் இணையும் இடத்தில், சட்டகத்தின் அடியில் இருப்பது மற்றொன்று. மலைத்தடத்துக்கு இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தயக்கமின்றிச் சொல்வேன். அடியில் இருக்கும் மோட்டார் தன் வலுவைச் செயின் வழியாக அனுப்புவதால், சிறிய கியருக்கு மாறும்போது மோட்டாருக்கும் ஏற்றம் எளிதாகிறது. ஹப் மோட்டாருக்கு அந்த வாய்ப்பு இல்லை. செங்குத்தான ஏற்றத்தில் சக்கரம் மெதுவாகச் சுழலும்போது அது திணறி, எளிதில் சூடேறிவிடும். மேலும், பின்சக்கரத்தில் இருக்கும் எடை சஸ்பென்ஷனுக்குக் கீழே இருக்கும் எடை. சக்கரம் பாறையின் மேடு பள்ளங்களைத் தொடர்ந்து நிலத்தைப் பற்றி ஓடுவதை அது தடுக்கிறது.

விவரத்தாளில் மோட்டாருக்கு இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று 250 வாட் என்ற தொடர் திறன். ஐரோப்பாவில் விற்கும் எல்லா வண்டிகளிலும் இது ஒன்றாகவே இருப்பதால் இதை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. சூடேறாமல் நெடுநேரம் தரக்கூடிய அளவையே அது குறிக்கிறது. ஏற்றத்தில் சில நிமிடங்களுக்கு அதே மோட்டார் 500, 600 வாட்டுக்கு மேலும் தரும். இரண்டாவது எண் முறுக்குவிசை, அதாவது மோட்டார் சுழற்றித் தள்ளும் விசையின் அளவு. நியூட்டன் மீட்டரில் சொல்லப்படுவது. பாஷ் நிறுவனத்தின் பெர்ஃபார்மன்ஸ் லைன் சிஎக்ஸ், ஷிமானோவின் இபி8 ஆகிய மோட்டார்கள் 85 நியூட்டன் மீட்டர் என்ற அளவைப் பலருக்கும் பழக்கமாக்கின. 2024இல் வந்த டிஜேஐயின் அவினாக்ஸ் 105ஐத் தொட்டது. மறுபுறம், டிக்யூ நிறுவனத்தின் எச்பிஆர்50 போன்ற சிறிய மோட்டார்கள் 50 நியூட்டன் மீட்டரோடும் 300 வாட் உச்சத் திறனோடும் நின்றுகொண்டு, எடையை 2 கிலோவுக்குள் வைத்திருக்கின்றன.

இங்கேதான் தொடக்கநிலையாளர் ஒரு பெரிய முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது. முழு வலு கொண்ட வண்டி பொதுவாக 22 முதல் 26 கிலோ வரை இருக்கும். இலேசான வகை 16 முதல் 20 கிலோ வரை இருக்கும். முழு வலு வண்டி, மோட்டார் இல்லாமல் ஏறவே நினைக்காத ஏற்றங்களில் ஏற்றிவிடும். ஒரு நாளில் மூன்று இறக்கங்களுக்குப் பதில் ஆறு இறக்கங்களைத் தரும். இலேசான வண்டி கையாளும்போது வழக்கமான மலைச் சைக்கிளைப் போலவே இருக்கும். குதிக்கும், எளிதில் திரும்பும். ஆனால் ஏற்றத்தில் ஓட்டுநரின் கால்களும் நன்றாகவே உழைக்க வேண்டும். யாரோடு சேர்ந்து ஓட்டுவீர்கள் என்பது இந்தத் தேர்வில் பலரும் எண்ணிப் பார்க்காத ஒன்று. முழு வலு வண்டிகள் வைத்திருக்கும் நண்பர்களோடு இலேசான வண்டியில் போனால் அவர்களைப் பிடிப்பதற்காக உச்ச உதவியிலேயே ஓட்டி, சிறிய பேட்டரியைப் பாதி நாளில் காலி செய்துவிடுவீர்கள். மோட்டார் இல்லாத நண்பர்களோடு போகிறவருக்கு இலேசான வண்டி மிக இணக்கமான துணை. முன்பு மலைச் சைக்கிளே ஓட்டாதவர், முழங்கால் வலி உள்ளவர், நெடிய ஏற்றங்கள் உள்ள ஊரில் இருப்பவர் ஆகியோருக்கு முழு வலு வண்டியைத்தான் நான் சொல்வேன்.

முறுக்குவிசை எண்ணை விட முக்கியமானது, அந்த விசை எப்படி வந்து சேர்கிறது என்பது. ஈரமான வேரின்மீது மெதுவாக ஏறும்போது மோட்டார் சட்டென்று தள்ளினால் பின்சக்கரம் வழுக்கிச் சுழலும், வண்டி நின்றுவிடும், தடத்தின் மண்ணும் கிளறப்படும். மெல்லிய அழுத்தத்துக்கு மெல்லிய உதவியும், வலுத்த அழுத்தத்துக்கு வலுத்த உதவியும் தரும் மோட்டார் 60 நியூட்டன் மீட்டரில்கூட ஏறிவிடும் இடத்தில், கரடுமுரடாகச் செயல்படும் 90 நியூட்டன் மீட்டர் மோட்டார் தோற்கும். பெடலின் சுழற்சியை மட்டும் உணர்ந்து, அழுத்தத்தை அளக்காத மலிவான சென்சார் உள்ள வண்டிகளைத் தடத்துக்கு வாங்கவே வேண்டாம். சில மோட்டார்கள் மிதிப்பதை நிறுத்திய பின்னும் ஒரு கணம் தள்ளிக்கொண்டிருக்கும். பெடல் பாறையில் இடிக்கும் என்பதால் மிதிக்க முடியாத இடத்தில் வண்டியைக் கடத்திவிட இது மிகவும் உதவும், ஆனால் குறுகிய வளைவில் பழகாதவரை இது தள்ளிவிடவும் கூடும்.

ஓசையையும் கேட்டுப் பாருங்கள். ஏற்றத்தில் வரும் முனகல் ஒன்று. சில மோட்டார்களில் இறக்கத்தில், மிதிக்காமல் உருளும்போது, உள்ளே உள்ள பற்சக்கரங்கள் தளர்ந்து ஆடுவதால் ஒரு கடகடப்பு கேட்கும். அது பழுது அன்று. ஆனால் காட்டின் அமைதிக்காகவே தடத்துக்குப் போகிறவரை அது ஒவ்வொரு நாளும் உறுத்தும்.

பழுது என்று வரும்போது, தடத்து மோட்டார்கள் பலவும் மூடிய பெட்டிகள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். உரிமையாளர் திறந்து சரிசெய்ய முடியாது. நிறுவனத்தின் மென்பொருளும் கருவியும் உள்ள பணிமனைதான் குறையைக் கண்டறிய வேண்டும். பல நேரங்களில் மோட்டாரை முழுதாக மாற்றிவிடுவார்கள். எட்டக்கூடிய தொலைவில் அத்தகைய பணிமனை எந்த மோட்டாருக்கு இருக்கிறதோ, அந்த மோட்டார் ஐந்து நியூட்டன் மீட்டர் குறைவாக இருந்தாலும் அதையே வாங்குவது அறிவுடைமை. வேக வரம்பை உடைக்கும் மாற்றங்களைச் செய்தால் உத்தரவாதம் போய்விடும். பல நாடுகளில் அந்த வண்டி சட்டத்தின் பார்வையில் சைக்கிள் என்ற நிலையையும் இழந்துவிடும்.

முதலில் அது ஒரு மலைச் சைக்கிள்

மோட்டாரையும் பேட்டரியையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், ஏற்றத்தின் முடிவில் காத்திருக்கும் இறக்கம் மறந்துபோகும். உதவிக்கான வேக வரம்பைத் தாண்டிய பின் மோட்டார் வெறும் சுமை. அப்போது உயிரைக் காப்பது பிரேக், டயர், சஸ்பென்ஷன், சட்டகத்தின் அளவு ஆகியவையே. ஒரே தொகைக்கு இரண்டு வண்டிகள் கிடைத்து, ஒன்றில் பெரிய பேட்டரியும் சாதாரண பிரேக்கும், மற்றொன்றில் நடுத்தர பேட்டரியும் நல்ல பிரேக்கும் இருந்தால், இரண்டாவதை வாங்குங்கள்.

பிரேக்கைப் பொறுத்தவரை, நான்கு பிஸ்டன் காலிப்பர் (தட்டை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) கொண்ட ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கும், முன்னும் பின்னும் சுமார் 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள தட்டும் வேண்டும். வழக்கமான சைக்கிளை விட இந்த வண்டி ஏழு முதல் பத்துக் கிலோ வரை கூடுதலாக இருப்பது ஒரு காரணம். மோட்டார் இருப்பதால் ஒரே நாளில் இறங்கும் உயரம் இரண்டு மடங்காவது மற்றொரு காரணம். பிரேக் அத்தனை வெப்பத்தையும் தாங்க வேண்டும். நெடிய இறக்கங்களுக்கு உலோகத் துகள் கலந்த பிரேக் பேடுகள் வெப்பத்தைத் தாங்கி நெடுநாள் உழைக்கும். சற்றுச் சத்தம் போடும், அவ்வளவுதான்.

டயர் என்பது பலரும் கடைசியாகப் பார்க்கும் பொருள். தடத்தில் முதலில் கைவிடுவதும் அதுவே. எடையைக் குறைத்துக்காட்டுவதற்காக மெல்லிய பக்கச்சுவருள்ள டயர்களோடு விற்கப்படும் வண்டிகள் உண்டு. கனமான வண்டி கூரிய கல்லில் இடிக்கும்போது அவை கிழிந்துவிடும். 2.4 முதல் 2.6 அங்குலம் வரை அகலமும் தடித்த பக்கச்சுவரும் உள்ள ட்யூப்லெஸ் டயர்கள் தடத்துக்கு ஏற்றவை. டியூப் இல்லாததால் காற்றழுத்தத்தைக் குறைத்து வைக்க முடிகிறது. குறைந்த அழுத்தத்தில் டயர் பாறையின் வடிவுக்கேற்ப நெளிந்து பற்றிக்கொள்கிறது. சக்கர அளவில், இரண்டும் 29 அங்குலமாக இருந்தால் தடைகளின்மீது எளிதாக உருளும். முன்னே 29, பின்னே 27.5 என்ற கலவை குறுகிய வளைவுகளில் சுறுசுறுப்பாக இருக்கும், உயரம் குறைந்தவர்களுக்குப் பின்னே இடமும் கிடைக்கும். முதல் வண்டி வாங்குபவர் இதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

சஸ்பென்ஷன் முன்னால் மட்டும் போதுமா, பின்னாலும் வேண்டுமா? மோட்டார் இல்லாத சைக்கிளில் இதற்கு இரு பக்கமும் நல்ல வாதங்கள் உண்டு. மின்சார வண்டியில், இருக்கையில் அமர்ந்தபடியே கரடுமுரடான ஏற்றத்தில் மிதிப்பது வழக்கமாகிவிடுவதால், பின் சஸ்பென்ஷன் உடலுக்கு இதம் தருவதோடு நிற்பதில்லை. சக்கரத்தை நிலத்தோடு ஒட்டவைத்து, மோட்டாரின் வலு மண்ணுக்குப் போய்ச் சேர வழி செய்கிறது. எனவே வேரும் கல்லும் உள்ள தடத்துக்கு இரு பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள வண்டியே ஏற்றது. பராமரிப்பு குறைவாக இருக்க வேண்டும், பாதையும் மென்மையானது என்றால் முன் சஸ்பென்ஷன் மட்டும் உள்ளது போதும். சஸ்பென்ஷன் அமுங்கும் நீளம் 130 முதல் 150 மில்லிமீட்டர் வரை இருப்பது தடத்து ஓட்டத்துக்கான நடுவழி. 160, 170, 180 என்று ஏறிக்கொண்டே போகும் வண்டிகள் மிகச் செங்குத்தான, வேகமான இறக்கங்களுக்கானவை. மிதமான தடத்தில் அவை மந்தமாகத் தோன்றும். எந்த நீளமாக இருந்தாலும் ஓட்டுபவரின் எடைக்கேற்ப காற்றழுத்தத்தைச் சரிசெய்து, அவர் ஏறி நின்றாலே கால் பங்குக்குச் சற்று மேல் அமுங்குமாறு வைத்தால்தான் அது தன் வேலையைச் செய்யும். இதைச் செய்யாமல் ஓட்டிவிட்டு வண்டியைக் குறை சொல்பவர்கள் ஏராளம்.

சட்டகத்தின் வடிவத்தில் இரண்டு கோணங்களை மட்டும் கவனித்தால் போதும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் நிலத்தோடு செய்யும் கோணம் 64 முதல் 66 பாகை வரை இருந்தால் இறக்கத்தில் வண்டி நிலையாக இருக்கும். இருக்கைக் குழாயின் கோணம் 76 பாகைக்கு மேல் நிமிர்ந்திருந்தால் செங்குத்தான ஏற்றத்தில் உடல் எடை முன்னே இருக்கும்; முன்சக்கரம் தூக்கிக்கொண்டு திசை மாறாது. முழு வலு மோட்டாருள்ள வண்டியில் இந்த இரண்டாவது கோணத்துக்கு மிகுந்த மதிப்பு உண்டு, ஏனெனில் மோட்டார் இல்லாமல் நாம் ஏறத் துணியாத சரிவுகளில் இந்த வண்டி நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும். அளவைப் பொறுத்தவரை, நிறுவனத்தின் உயர அட்டவணையைத் தொடக்கமாகக் கொண்டு, ஏறி நின்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஹேண்டில்பாரிலிருந்தே இருக்கையைத் தாழ்த்தவும் உயர்த்தவும் உதவும் டிராப்பர் சீட் போஸ்ட் இல்லாத வண்டியைத் தடத்துக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

பெடலைத் தாங்கும் கையான க்ராங்கின் நீளம் ஒரு சிறிய செய்திதான். ஆனால் தெரிந்திருப்பது நல்லது. முன்பு இறங்கித் தள்ளிய பாறை ஏற்றங்களில் இப்போது மிதித்துக்கொண்டே போகிறோம் என்பதால் பெடல் கல்லில் இடிப்பது அதிகம். 160 அல்லது 165 மில்லிமீட்டர் உள்ள குட்டையான க்ராங்க் அதைக் குறைக்கிறது. செயினும் பின் பற்சக்கரங்களும் மோட்டாரின் வலுவையும் சேர்த்துச் சுமப்பதால் வேகமாகத் தேயும். செயின் தேய்மானத்தை அளக்கும் சிறு கருவியை வாங்கி வைத்துக்கொண்டு, செயினை உரிய நேரத்தில் மாற்றினால் மற்ற பாகங்கள் பிழைக்கும்.

பயன்படுத்திய வண்டியானால்

இரண்டாம் கை வண்டியில் கீறல்களைப் பார்ப்பதை விட உள்ளே பார்ப்பது முக்கியம். பல மோட்டார் அமைப்புகள், ஓடிய தூரத்தையும் நேரத்தையும் பேட்டரி எத்தனை முறை முழுதாக ஏறி இறங்கியது என்பதையும் பதிவு செய்து வைத்திருக்கின்றன; பணிமனையில் அந்த அறிக்கையை எடுத்துத் தரச் சொல்லலாம். எடுக்க மறுக்கும் விற்பனையாளரிடமிருந்து விலகிவிடுவது நல்லது. பேட்டரியின் உறை உடைந்திருந்தாலோ, அதை யாரோ திறந்து உள்செல்களை மாற்றியிருந்தாலோ வாங்க வேண்டாம். லித்தியம் பேட்டரி தீப்பற்றினால் அதை அணைப்பது கடினம். புதிய வண்டியிலும் ஐரோப்பிய இஎன் 15194 தரமோ, அமெரிக்காவில் மின் அமைப்புக்கான யூஎல் 2849 சான்றோ இருக்கிறதா என்று பார்த்து, அதனுடன் வந்த சார்ஜரை மட்டுமே பயன்படுத்த வேண்டும். சில வாரங்கள் ஓட்டாமல் வைப்பதானால் பேட்டரியைப் பாதி அளவு சார்ஜில், குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்தால் அதன் ஆயுள் நீளும்.

ஓட்டிப் பார்க்கும்போது

கடையின் முன்னால் உள்ள சமதளத்தில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவதால் எதுவும் தெரியாது. அங்கே எல்லா மின்சார சைக்கிளும் இனிமையாகவே இருக்கும். ஒரு சரிவைத் தேடிப் போய், அதன் நடுவில் நின்று, நின்ற இடத்திலிருந்தே புறப்பட்டுப் பாருங்கள். முன்சக்கரம் தூக்குகிறதா, பின்சக்கரம் வழுக்குகிறதா, மோட்டார் எத்தனை மென்மையாகப் பிடிக்கிறது என்பவை அந்த ஐந்து நொடியில் தெரிந்துவிடும். பிறகு மோட்டாரை அணைத்துவிட்டுச் சிறிது தூரம் மிதியுங்கள். என்றாவது ஒரு நாள் பேட்டரி தீர்ந்து வீடு திரும்ப வேண்டியிருக்கும், அன்று இந்த வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதை இன்றே அறிந்துகொள்ளலாம். கடைசியாக, வண்டியை இரு கைகளாலும் இடுப்பளவுக்குத் தூக்கிப் பாருங்கள். விழுந்து கிடக்கும் மரத்தைத் தாண்டும்போதும், காரின் பின்னே மாட்டும்போதும் இதைத் தனியாகச் செய்ய வேண்டியிருக்கும். காரில் மாட்டும் தாங்கி இந்த எடையைத் தாங்கும் வகைதானா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். வழக்கமான சைக்கிளுக்கெனச் செய்யப்பட்ட தாங்கிகள் பல 25 கிலோ வண்டிக்குப் பொருந்தாது.

வாடகைக்கு அரை நாள் எடுத்து ஓட்ட முடிந்தால் அதுவே சிறந்த சோதனை. புறப்படும்போது பேட்டரி எத்தனை விழுக்காடு இருந்தது, திரும்பும்போது எத்தனை இருந்தது, நடுவில் எத்தனை மீட்டர் ஏறினீர்கள் என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 630 வாட் மணி பேட்டரியில் 60 விழுக்காடு செலவழித்து 1200 மீட்டர் ஏறியிருந்தால், நீங்கள் ஓட்டும் விதத்தில், உங்கள் எடையில், உங்கள் தடத்தில், 100 மீட்டருக்குச் சுமார் 32 வாட் மணி தேவைப்படுகிறது. அந்த எண்ணால் எந்தப் பேட்டரியின் கொள்ளளவையும் வகுத்துப் பாருங்கள். அடுத்த வண்டியின் விவரத்தாளில் எழுதியிருக்கும் கிலோமீட்டரைப் படிக்க வேண்டிய தேவையே வராது.